எமிலியானுஸ் என்று தேடினால்

உப்புக்காற்று கணினிக்கு ஆகாது. ஊர்காவற்றுறையில் ஒரு விசைப்பலகை வருடம் தாண்டினால் அதிர்ஷ்டம். காணாமற்போனவர்களைத் தேடிக் கொடுக்கும் எங்கள் நிலையத்தில் பெயர்த்தேடல் பிழைக்கிறது என்று முறைப்பாடு வந்தபோது, நானும் காற்றின் மேல் பழியைப் போட்டு அறிக்கை எழுதினேன். தலைமை அலுவலகம் நம்பியது. நீங்கள் மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சேர்வரைத் திறந்து, தவிர்க்கும் சொற்களின் கோப்பில் ஒரு மனிதனுடைய பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். கேட்டது நல்லது. வேலை தெரிந்தவர்களோடு பேசுவது எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கோப்பு எதற்கென்று உங்களுக்குத் தெரியும். ‘மற்றும்’, ‘ஒரு’ போன்ற சொற்களைத் தேடல் பொருட்படுத்தாமல் விடுவதற்காக அதில் எழுதிவைப்போம். எழுதியபின் சொல்லடைவை மறுபடி கட்டினால், தேடலைப் பொறுத்தவரை அப்படி ஒரு சொல்லே கிடையாது. அதை மட்டும் கேட்டால் சேர்வர் முறைப்படி ஓர் எச்சரிக்கை தரும். எங்கள் திரையோ அதையும் ‘பதிவு எதுவும் இல்லை’ என்றே காட்டும். திரையை அமைத்தவன் நானில்லை.

மேரிறோஸ் நாரந்தனைக்காரி. தொண்ணூற்றாறில் பேசாலையிலிருந்து புருசனும் பெண்சாதியும் இரண்டு வள்ளங்களில் இந்தியாவுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அவள் ஏறிய வள்ளம் நேவிக்குப் பயந்து திரும்பிவிட்டது. கணவன் எமிலியானுஸ் ஏறியது திரும்பவில்லை. சமாதான காலத்தில் நிலையம் திறந்ததும் வெள்ளிக்கிழமை தோறும் வந்தாள். நான் பெயரை அடிப்பேன், பதிவு இராது. அப்போது உண்மையாகவே இல்லை. “வடிவாப் பாத்தனீரோ?” என்பாள். வடிவாகத்தான் பார்த்தேன், திரையையும் அவளையும். கையில் நண்டுக்கறி வேறு கொண்டுவருவாள். எனக்கு அவள்மேல் ஆசை வந்தது. நாற்பது வயதுவரை தனியே பாணும் சம்பலும் தின்றவனுக்கு வராமல் என்ன செய்யும்?

இரண்டாயிரத்து நான்கில் தமிழ்நாட்டு முகாம்களின் பதிவுகள் இறுவட்டில் வந்தன. ஏற்றி முடித்துவிட்டு, பழக்கதோசத்தில் எமிலியானுஸ் என்று அடித்தேன். வந்துவிட்டான். மண்டபம் முகாமில், உயிரோடு, ‘மனைவி மேரிறோஸைத் தேடுகிறார்’ என்ற குறிப்போடு. மறுநாள் வெள்ளிக்கிழமை.

அந்தோனி என்று பெயர் வைத்திருந்தால் நான் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். இருக்கிற அந்தோனிகளுக்குள் அவன் தானாகவே தொலைந்திருப்பான். பெற்றவர்கள் வித்தியாசமாக வைத்துவிட்டார்கள். தவிர்க்கும் சொற்களின் கோப்பைத் திறந்து அந்தப் பெயரை எழுதி, சொல்லடைவை மறுபடி கட்டினேன். அவனுடைய பதிவில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. பதிவுகளை அழிக்கிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. மேரிறோஸ் தன்னுடைய பெயரைத் தேடச் சொல்லியிருந்தால் அவன் வந்திருப்பான். தன்னைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சங்கடம் பக்கத்து ஊரான சுருவிலிலிருந்து வந்தது. அங்கேயும் ஓர் எமிலியானுஸ் இருந்தார், பல்லுப் போன கிழவர். நிவாரணத்துக்காகத் தன் பதிவைப் பார்க்க வந்தவரிடம், அப்படி ஒருவர் இல்லை என்று திரை சொன்னதைச் சொன்னேன்.

“அப்ப நான் ஆர், தம்பி?” என்றார்.

நியாயமான கேள்வி. குடும்ப அட்டை இலக்கத்தைப் போட்டு அவரை எடுத்துக் கொடுத்தேன். இலக்கத் தேடலில் ஒருபோதும் கோளாறு இருந்ததில்லை. மனுசன் அதோடு விடாமல் தலைமை அலுவலகத்துக்கு முறையிட்டார். அவர்கள் கோளாறைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடமே தந்தார்கள். பயிரை மேய்ந்தது யார் என்று வேலியையே விசாரிக்கச் சொன்ன கதைதான். சேவையை நிறுத்தித் தொடங்கினேன், வட்டைச் சோதித்தேன், சொல்லடைவைத் திரும்பவும் கட்டினேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

பிறகொரு வெள்ளிக்கிழமை மேரிறோஸ் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“உயிரோட இருந்தா இதுக்குள்ள பேர் வந்திருக்கும், என்ன கிறிஸ்ரி?”

“ஓம்,” என்றேன்.

“இனி ஏலாது. அவற்ற ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கப் போறன்.”

அன்று அழுதாள். நானும் அழுதேன். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

ஆறு மாதம் பொறுத்துக் கலியாணம் கேட்டேன். பங்குச் சுவாமியார் முதல் கணவனைப் பற்றி உறுதி கேட்டார். தேடினோம், பதிவு இல்லை என்று நிலையத்திலிருந்து கடிதம் கொடுத்தேன். அதன்படி மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்றார்கள். கோயில் நிறையச் சனம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊருடன் கூடி வாழ் என்று படித்திருக்கிறோம், நானும் திறக்கவில்லை.

நல்ல குடித்தனம். நண்டுக்கறிக்கு இப்போது வெள்ளிக்கிழமை வரை பார்த்திருக்க வேண்டியதில்லை. முகாமிலிருந்து எமிலியானுஸின் விண்ணப்பம் வந்துகொண்டிருந்ததுதான் உறுத்தியது. பதில் இல்லாமல் காத்திருப்பது என்ன பாடு என்று மேரிறோஸின் முகத்தில் பார்த்தவன் நான். அவனையும் அப்படிக் காக்கவைக்க மனம் வரவில்லை. போன வருடம் நிலையத்தின் பெயரில் அவனுக்கு எழுதினேன்: மேரிறோஸ் காய்ச்சலில் இறந்துவிட்டாள், நாரந்தனைச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டாள்.

நன்றி சொல்லிப் பதில் போட்டான். மரியாதையான பிள்ளை. ஆத்துமாக்களின் திருநாளில் அவளுடைய குழியில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட முடியுமா என்று கேட்டிருந்தான். நம்பிக் கேட்டதை எப்படி மறுப்பது? கார்த்திகையில் நாங்கள் இருவருமாகச் சேமக்காலைக்குப் போனோம். மேரிறோஸ் அவனுக்கென்று ஒன்று கொளுத்தினாள். நான் அவன் கேட்டபடி அவளுக்கென்று ஒன்று கொளுத்தினேன். என்னுடையது அணையப் பார்த்தது. அவள்தான் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு என்று கேட்டாள். நிலையத்துக் கந்தோரில் ஒருவர் கேட்டிருந்தார், அவருடைய செத்துப்போன மனைவிக்கு என்றேன். மேரிறோஸிடம் பொய் சொல்ல எனக்கு வராது.