ஆட்டால பிரயோசனம் இல்லையாம்!

என்னா சொன்னீங்க? ஆட்டால ஒரு பிரயோசனமும் இல்லைன்னா? அடி ஆத்தே! நப்லா மிஸ், நீங்க படிச்ச புள்ள. வரக்காப்பொலையில இருந்து பஸ்ஸு மாறி மாறி இம்புட்டுத் தூரம் வந்து, எங்க வாசல்ல ஒக்காந்த ஒடனே சொல்ற பேச்சா இது? இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. தேத்தண்ணி கொதிக்குது. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். குடிக்காமப் போனா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

வறுமைய ஒழிக்கிறோம்னு அரசாங்கத்துல ஆடு குடுத்தீங்க. நல்ல விசயம், கும்புட்டு வாங்கிக்கிட்டோம். வீட்டுக்கு ரெண்டு பொட்டை ஆடு. ஆனா இந்த மேல் லயத்து வீட்டு வரிசைக்கு மட்டும்! இந்தா, கண்ணுக்கு முன்னுக்கே தெரியுது கீழ் லயம், இங்கயிருந்து துப்புனா அந்தத் தகரத்துல விழும்... அவங்களுக்கு ஒரு ஆட்டு மசுரு கூட இல்ல. ஏன்னு அன்னிக்கே கேட்டேன். ஜீப்புல வந்தாரே ஒங்க பெரிய மாத்தயா, அவரு என்னா சொன்னாரு? "அம்மா, ஆடு கெடச்ச வீட்டுப் புள்ளைங்க தேறுதா, கெடைக்காத வீட்டுப் புள்ளைங்க எப்படி இருக்கு, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். அப்பத்தான் திட்டம் நல்லதா கெட்டதான்னு தெரியும். நல்லதுன்னு தெரிஞ்சா அடுத்தது கீழ் லயத்துக்கும் குடுப்போம், மத்தத் தோட்டங்களுக்கும் குடுப்போம்"னாரு. சீட்டுக் குலுக்கிப் போட்டாரு. எங்களுக்கு விழுந்துச்சு.

நல்லா இருக்கே நியாயம்! பந்தியில ஒருத்தனுக்கு எலையப் போட்டு, எதுத்தாப்புல ஒருத்தன சும்மா ஒக்கார வச்சு, எவன் வயிறு ரொம்புதுன்னு பாக்குறதா? அதக் கண்டுபுடிக்க ஜீப்பு வேணுமா, தராசு வேணுமா? எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரு வெத்தலைக்குச் சொல்லியிருப்பேன்.

இப்படித்தான் முந்தி ஒருக்கா காளான் வளக்கச் சொல்லி ஒரு திட்டம் வந்துச்சு. பையில மரத்தூளப் போட்டு இருட்டுல வைங்கன்னாங்க. எங்க ஒத்தை ரூம்பு காம்பராவுல இருட்டுக்கா பஞ்சம்? நல்லாத்தான் மொளச்சுச்சு. கொரங்கு வந்து ஒண்ணு விடாமத் தின்னுருச்சு. வந்து கேட்டாங்க, "வருமானம் கூடுச்சா?"ன்னு. கொரங்குக்குக் கூடுச்சுன்னேன். சிரிக்கிறீங்க! அந்த ஆளு சிரிக்கல மிஸ், அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

என்னா? சத்தமாச் சொல்லுங்க, எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம். ரெண்டு லயத்துப் புள்ளைங்களும் ஒரே அளவா தேறியிருக்கா? ஆடு இல்லாமலே கீழ் லயத்துப் புள்ளைங்களும் எடை கூடிருச்சா? ஆமா, கூடாம என்னா செய்யும்! காலையில ஒரு கோப்பை, சாயங்காலம் ஒரு கோப்பை பாலு குடிச்சா எந்தப் புள்ளதான் தேறாது?

...எந்தப் பாலா?

ம்ம்... இந்தாங்க, தேத்தண்ணி குடிங்க. சீனி போதுமா?

சரி, ஏன் அப்படி மொறைக்கிறீங்க. சொல்றேன். எங்க வீட்டுக்காரரு கன்னையாவுக்கு ஒரே தங்கச்சி, ஜீவராணி. கீழ் லயத்துல கெடக்குறா. அவளுக்கும் எனக்கும் எப்பவும் ஆகாது, அது வேற கதை. ஆனா அவ பொம்பளப் புள்ள இருக்கே... அனே, பாத்தா வயிறு பத்திக்கும் மிஸ். கிளினிக்குல மிட்வைப் நோனா நிறுக்குறப்பல்லாம் உச்சுக் கொட்டுவாங்க. அந்தப் புள்ள பாத்துக்கிட்டு நிக்க, நான் மட்டும் பால் கறந்து குடிக்கவா? தொண்டையில எறங்குமா? அதோட விடிஞ்சா நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருவேன், ரெண்டு ஆட்ட யாரு மேய்க்கிறது? புல்லு இருக்குறது கீழ் லயத்து ஓடைக்கரையில. அதனால ஒரு ஆட்ட அவகிட்ட வாரத்துக்கு விட்டேன்.

வாரம் தெரியாதா? நல்ல படிப்புப் படிச்சீங்க போங்க! ஆடு என்னோடது. வளக்குறது அவ. பாலு அவளுக்கு. குட்டி போட்டா எனக்கொண்ணு அவளுக்கொண்ணு. எங்க தோட்டத்துல ஆடு வச்சிருக்குற எல்லாரும் செய்றதுதான். நான் விட்டதப் பாத்து மேல் லயத்துல எல்லாரும் ஆளுக்கொண்ணு எறக்கி விட்டுட்டாங்க. சொந்தக்காரங்க இல்லாத வீடு எது சொல்லுங்க?

நீங்க எண்ண வர்றப்ப ரெண்டும் இங்கதான் நின்னுச்சா? நிக்கும் நிக்கும். ஜீப்பு பாலத்துக்கிட்ட வர்ற சத்தம் கேட்டா, கீழ இருக்குற ஆடெல்லாம் படியேறி மேல வந்துரும். பெரிய மாத்தயா ஒரு நா ஒரு ஆட்டத் தடவிக் குடுத்தாரு. அது அவரு கைய ஒதறிட்டு நேரா கீழ் லயத்துக்கு ஓடுது! தண்ணி குடிக்கப் போவுதுங்கய்யான்னேன். இன்னொரு நா நீங்க ஜீவராணி வீட்டுல ஆடு இருக்கான்னு கேக்குறப்ப, உள்ளுக்கிருந்து ஒண்ணு கத்துச்சுல்ல? புள்ளைக்கு இருமல்னு அவ சொல்ல, நீங்களும் இருமல்னு எழுதிக்கிட்டுப் போனீங்க. பவ், பாவம் மிஸ் நீங்க!

யாரு சொல்லிக் குடுத்தாவா? வேற யாரு, நாந்தான். "ஆடு இருக்குன்னு சொல்லிராதீங்கடி, அப்புறம் ஒங்க மொற வர்றப்ப ஒங்களுக்குத்தான் ஏற்கனவே இருக்கேன்னு கழிச்சிருவாங்க"ன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன். ஒருத்தி வாயத் தொறக்கலையே! அவ்வளவு கட்டுப்பாடு.

என்னா மிஸ்... ஏன் தலையில கைய வச்சிட்டீங்க?

நிப்பாட்டியாச்சா? எத? அப்ப... கீழ் லயத்துக்கு ஆடு வராதா? மத்தத் தோட்டத்துக்கும் வராதா? அய்யோ சாமி. ஆடு இல்லாமலே தேறுற புள்ளைங்களுக்கு ஆடு எதுக்குன்னு சொல்லிட்டாங்களா? கீழ எல்லாரும் கொட்டில் கட்டி முடிச்சிட்டாங்களே மிஸ்! ஜீவராணி ரப்பர்க் காட்டுல விறகு பொறுக்கப் போற எடத்துல எல்லாம் கம்பு வெட்டிச் சேத்து, ரெண்டு ஆட்டுக்குக் கட்டி வச்சிருக்கா.

நெசத்த எழுதிருங்க. நான் கைநாட்டு வேணுமின்னாலும் வைக்கிறேன். கீழ் லயத்துலயும் ஆடு இருந்துச்சு, அதான் தேறிச்சுன்னு எழுதுங்க. ...எழுதுனா ரெண்டு வருசமாப் பாத்ததெல்லாம் வீணா? ஒப்பிட ஒண்ணுமே இல்லாமப் போயிருமா? அப்ப சொல்லாட்டி ஆடு பிரயோசனமில்ல, சொன்னா ஒங்க கணக்குப் பிரயோசனமில்ல. நல்லா மாட்டி வச்சேன் போங்க.

அய்யய்யோ... அந்தா, படியேறி வர்றா ஜீவராணி. நீங்க வர்றீங்கன்னு காலையில கொண்டாந்து கட்டுன ஆட்ட அவுத்துக்கிட்டுப் போக வர்றா. மிஸ், நீங்களே சொல்லிருங்க. நீங்க பதமாச் சொல்வீங்க. நான் வாயத் தொறந்தா சண்டையில முடியும்... மிஸ்? மிஸ்! அடிப்பாவி, கோப்பைய வச்சிட்டு எந்தப் பக்கமாப் போச்சு இந்தப் புள்ள?

வா ஜீவராணி. ஒக்காரு. மிஸ்ஸா? வந்தாங்க, போயிட்டாங்க. ஆடு எப்ப குடுப்பாங்கன்னு கேட்டேனாவா? கேட்டேன். வராதாம்டி. நாம ரொம்ப நல்லாப் பொய் சொல்லிட்டோம். நாம என்னா நாம, சொல்லிக் குடுத்தவ நான். என்னையத் திட்டு. அண்ணன் பொஞ்சாதின்னு பாக்காத, நல்லாத் திட்டு. ஏய்... அழுவாதடி. திட்டுன்னுதானே சொன்னேன்.

இந்தா, ஆட்டக் கூட்டிக்கிட்டுப் போ. வாரமெல்லாம் இல்ல, இனி ஒனக்கேதான். ம்ஹூம், கயித்த அவுக்காத. ஆட்டக் குடுத்தாலும் கயித்தக் குடுக்கக் கூடாது, வீட்டு அதிஷ்டம் போயிரும்பாங்க, எனக்கும் தெரியும். போனாப் போகுது. கயித்தோட கொண்டு போ. புள்ளைக்குப் பால நிப்பாட்டிராத.

...ஏய், ஜீவராணி! குட்டி போட்டா மொதக் கெடா எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்!