மாஸ்டரின் நாக்கு

திருச்செந்தூர் பேருந்தில் என் முன் இருக்கைப் பெண்ணிடம், பக்கத்தில் நின்ற பெரியவர் துக்கம் விசாரித்தார். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டலில் சமையல் மாஸ்டராக இருந்த அவள் அப்பா போன மாதம் இறந்திருந்தார். பெரியவர் அங்கே தினமும் சாப்பிட்டவர்.

"கொரோனா வந்ததுலேருந்து அப்பாவுக்கு நாக்குல ருசியே கிடையாது அண்ணாச்சி."

"என்னளா சொல்லுத? அவரு மீன்குழம்ப நேத்து வரைக்கும் சாப்பிட்ட மாதிரி இருக்கு எனக்கு."

"அம்மாதான் ருசி பாத்தா. குழம்பு கொதிச்சதும் தூக்குவாளியில கொஞ்சம் வீட்டுக்கு வரும். உப்பு கூடவா, புளி கம்மியான்னு அம்மா போன்ல சொல்லுவா."

"அவருக்கு ருசி போயிட்டுன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வீட்டுச் சாப்பாட்டுல ஒரு குறை சொல்லாம அப்பா எந்திரிக்க மாட்டாரு. திடீர்னு எல்லாமே நல்லாருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துட்டு."

பெரியவர் சிரித்துவிட்டு, பிறகு கேட்டார்.

"ஓட்டல் முதலாளிக்கு?"

"தெரிஞ்சா வேலை போயிரும்னு அப்பா கடைசி வரைக்கும் பயந்தாரு. துக்கத்துக்கு வந்த முதலாளி அம்மாகிட்ட, 'எனக்கு முதல்லயே தெரியும். இனிமே நீங்களே வந்து சமைங்கம்மா'ன்னு சொல்லுதாரு."

"உங்கம்மா என்ன சொன்னா?"

"'தெரியும்னு அவருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே'ன்னு அழுதா. பயமில்லாம சமைச்சிருப்பாருல்லா அண்ணாச்சி."