ராணி கிரீடத்தில் இருக்கிற கல்

காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. கணவரின் வலது காலில் கட்டு. மகள் கல்யாணத்துக்கான வைரத்தோட்டை மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்த்திருக்கிறார்கள். அதை வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

“கோஹினூர் போன அரண்மனையெல்லாம் பாழாச்சு. ஒரு ராஜாவுக்குக் கண்ணே போச்சு. இந்தத் தோடு வந்த மறுநாள் நான் ஆத்து வாசப்படியிலே விழுந்தேன். போறாதா?”

“அதெல்லாம் புருஷாளுக்கு. இப்போ லண்டன்லே ராணி கிரீடத்திலே இருக்கு. அவளுக்கு என்ன வந்துது? பொம்மனாட்டியை ஒண்ணும் பண்ணாதாக்கும்.”

“உங்கிட்டே வந்து சொல்லித்தா?”

“நீங்கதானே பேப்பர்லே படிச்சுச் சொன்னேள்!”

பஸ் கிள்ளிப்பாலம் தாண்டியது.

“முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. வெறுங்காதோடயா அவளை மணையிலே உக்காத்தி வைப்பேள்?”

“வேற கல் பார்க்கலாம்.”

“அதுக்கும் மூணு நாள் ராசி பார்க்கணுமே?”

அவர் கட்டுப் போட்ட காலை மெல்ல நீட்டி வைத்துக்கொண்டார்.

“தோடு எங்கே?”

“மடியிலே.”

“மடியிலே வச்சுண்டா கால் எப்படிக் குணமாகும்? இங்கே தாங்கோ.”

அவர் இடுப்பிலிருந்து சிவப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை முந்தானையில் முடிந்து, முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“பழவங்காடி!” என்றார் கண்டக்டர். வியாபாரியின் கடை அங்கேதான். கணவர் எழுந்தார்.

“இப்போ கால் எப்படியிருக்கு?”

அவர் ஊன்றிப் பார்த்தார். “கொஞ்சம் தேவலை போலத்தான் இருக்கு.”

“அப்போ உக்காருங்கோ.”

பஸ் கிளம்பியபோது அவர் உட்கார்ந்திருந்தார்.