பிளேனில் போன ஹெலிகாப்டர்

தேவராஜ மொஹல்லாவில் ஓர் எஸ்.டி.டி. பூத். வரிசையில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் கன்னடம் கலந்த தமிழில் பேசியபடி நின்றிருந்தார்கள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஹெலிகாப்டரையே பிளேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்களா? அதுவே பறந்து போகாதா?" என்றாள் அக்கா.

"ஆப்பிரிக்கா வரைக்கும் எப்படிக்கா பறக்கும்? மேல சுத்துற பிளேடையெல்லாம் கழட்டி, பெரிய மிலிட்டரி பிளேனுக்குள்ள தள்ளிக் கட்டிப்போட்டுக் கொண்டுபோனாங்க. அங்க இறக்கினதும் இவர்தான் திருப்பி மாட்டணும்."

"உன் வீட்டுக்காரருக்குப் பழகின வேலைதானே. சும்னே ஏன் அழறே?"

"மாட்டினதும் பறக்கவிட்டுப் பார்ப்பாங்க. மாட்டினவரும் கூட ஏறணுமாம். இன்னிக்குக் காலையிலதான் முதல் ஹெலிகாப்டர்."

"ஹௌதா, அப்படியா?" என்ற அக்கா, முறை வரும்வரை தங்கையின் கையை விடவே இல்லை.

அவர்கள் முறை வந்தது. தங்கை கணவரின் யூனிட் ஆபீசுக்குப் போன் போட்டு, பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு, "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி ரிசீவரை வைத்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"நல்லபடியா இறங்கிடுச்சாம்."

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள். "அப்பாடா! வா, வீட்டுக்குப் போலாம்."

தங்கை நகரவில்லை. "இன்னும் மூணு ஹெலிகாப்டர் பிரிச்சபடியே இருக்காம்க்கா. எல்லாத்துலயும் இவர்தான் ஏறணுமாம்."

அக்கா பூத்காரர் பக்கம் திரும்பி, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள்.