ஒரே பிளேனில் ஏறாத அண்ணன் தம்பி

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓர் அக்காவும் தங்கையும், பின்னால் நான். அக்காவின் மகன்மார் இருவரும் அங்கில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து, ஜெர்மனிக்குப் போவதற்காகக் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் காத்திருக்கிறார்கள் என்று பேச்சிலிருந்து விளங்கியது.

“தம்பி ஏறுற பிளேனில மூத்தவன் ஏறமாட்டானாம்,” என்றார் அக்கா.

“ஏன், அது தம்பியின்ர இயக்கத்தின்ர பிளேனே?”

“பகிடி விடாதையடி. தம்பியின்ர இயக்கம்தானே துவக்குகளோட வந்து இவன்ர இயக்கத்தின்ர காம்பை அடிச்சது.”

“அண்டைக்கு மூத்தவனைக் கோழிக்கூட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிட்டு, தன்ர ஆக்களுக்கே பொய் சொன்னது ஆர்? அதாலதானே தம்பியும் ஓடிவர வேண்டி வந்தது?”

“ஓம். காம்பை அடிச்சதைக்கூட மறப்பானாம். கோழிக்கூட்டை மறக்கமாட்டானாம்.”

தங்கை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“லொட்ஜைச் சுத்திவளைச்சு ரவுண்டப்பில பிடிச்சா பொலிஸ் ரெண்டு பேரையும் ஒரே ஜீப்பிலதான் ஏத்துவான். அதுக்கு முதல் அனுப்போணும். தனித்தனியா எண்டா ஏஜென்சிக்காரன் கூடுதலாக் காசு கேக்கிறான்.”

“அப்ப என்ன செய்தனீங்கள்?”

“ரெண்டும் உயிரோட இருந்துதானே கோவிக்குதுகள் எண்டு, செட்டியார் தெரு நகைக்கடையில தாலிக்கொடியை வித்து, தனித்தனியாவே அனுப்பச் சொல்லிக் குடுத்திட்டன். முப்பத்தையாயிரம்.”