வெள்ளம் என்றால் என்ன

சாயா ஆறட்டும், முதலாளி. சூடாகக் குடித்தால் எனக்கு நாக்கு வெந்துவிடும். ஜஸ்னா உங்களிடம் வந்து அழுதாளாமே, பெரியம்மாவைக் கேட்டுத்தான் கணினியில் அடித்தேன் என்று. உண்மைதான். பிள்ளை பொய் சொல்ல மாட்டாள்.

நம் மிளகுக் கம்பெனியின் கணினிக்குத் தெரிந்தது கோபால் என்ற பழைய மொழி ஒன்றுதான். மட்டாஞ்சேரியில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. "கோபால் தெரிந்த ஆள் தேவை" என்று விளம்பரம் கொடுத்தீர்கள். தனக்கு இரண்டு கோபாலன்களைத் தெரியும் என்று சுள்ளிக்கலிலிருந்து ஒரு சேட்டன் வந்து நின்றார். கடைசியில் என்னிடமே வந்தீர்கள்.

"ரம்லத் இத்தா, நீங்களே ஒராளைப் படிப்பிச்சு விடுங்க."

படிப்பித்த பிறகு எனக்கு என்ன வேலை என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜஸ்னாவைக் கொண்டு வந்தது நான்தான். என் தங்கை மகள், டிகிரி முடித்தவள். வேலை நிலைத்தால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் ஷார்ஜா மாப்பிள்ளைக்கு நிக்காஹ் என்று அவள் வாப்பா கறாராகச் சொல்லியிருந்தார். கெட்டிக்காரி. சீக்கிரமே கோபாலை என்னைவிட நன்றாக மேய்த்தாள். இந்த நாற்காலி இனி யாருக்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்தப் புரோகிராமில் பெயர்களெல்லாம் நான் தமிழில் வைத்தவை. 'வெள்ளம்' என்றொரு கட்டளை உண்டு. காயல் பொங்கிக் கிடங்குக்குள் ஏறினால் போடுவது. போட்டால் சரக்கு முழுதும் கெட்டதாகக் கணக்கிலிருந்து கழியும், வாங்கியவர்களுக்கு ரத்துக் கடிதம் தானாகப் போகும். ஜஸ்னா மலையாளத்தில் படித்த பிள்ளை. அவளுக்கு வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்.

"பெரியம்மா, இந்த லோடு கொஞ்சம் நனஞ்சிருக்கு. வெள்ளம்னு அடிக்கட்டா?"

"வெள்ளம்னா என்னன்னு உனக்குத் தெரியாதா மோளே?"

"அது தெரியாதா பெரியம்மா!"

தெரியும் என்கிறவளுக்கு நான் எதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? கை கழுவ எழுந்து போனேன். திரும்பி வந்தபோது வெளியே சுள்ளென்று வெயில். கணினிக்குள் நம் கிடங்கு மட்டும் மூழ்கியிருந்தது.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை நிக்காஹ். நல்ல இடம்தான், மாப்பிள்ளைக்கு வயதுதான் கொஞ்சம் கூடுதல். பிரியாணிச் செலவு என்னுடையது.

என்னையும் அனுப்புவது உங்கள் இஷ்டம். ஆனால் இந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு யார் சொல்லித் தருவது? திங்கட்கிழமை ஆளை அனுப்புங்கள், முதலாளி. ஜஸ்னாவைப் போலவே, சொந்தப் பிள்ளையாக நினைத்துச் சொல்லித் தருகிறேன்.