டெலாலியின் அளவு

— அப்போ நெசமாவே மார அறுத்துக் குறைக்கத்தான் போறியா டெலாலி?

— வியாழக்கிழமை அக்ராவுக்குப் போறேன் எசினாம் அக்கா. இந்தாங்க, மீன் கடைச் சாவி. நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்ற வரைக்கும் உங்க தையல் கடையிலயே இருக்கட்டும்.

— கொடு. அடியாத்தி, என்னமா சுடுது. நம்ம கேட்டா ஊர்ச் சந்தையில ஒருத்தியாச்சும் சாவியப் பையில வச்சிருக்காளா பாரு, எல்லாருக்கும் பாடிக்குள்ளதான். உனக்கு அங்க ஒரு இரும்புப் பெட்டியே வைக்கலாம் கண்ணு.

— பதினஞ்சு வருசமா இடது பக்கம்தான் வைப்பேன். கைய விட்டா உடனே கிடைக்கும்.

— சரி, பாத்துக்கோ, ஊசி டப்பாவுல போட்டு மூடிட்டேன். இப்ப நேரா நில்லு. சர்ச் பாட்டுக்குழுத் துணிக்கு நீ ஒருத்திதான் பாக்கி. எல்லாருக்கும் நாலு கெஜம், உனக்கு அஞ்சு. வருசா வருசம் அந்த ஒரு கெஜத்துக்கு நான்தான் பேச்சு வாங்குறேன்.

— இந்த வருசம் நாலே போதும்.

— அதுக்காகவா அறுக்கணும்? ஊரே ஏங்குது உன்னப் பாத்து. உன் புருசன் செலோர்ம் என்ன சொல்றான்?

— கடவுள் கொடுத்தத வெட்டக் கூடாதாம். கடவுள் அவர் தோள்ல தொங்க விட்டிருந்தா தெரியும்.

— நல்லாக் கேட்ட. ஐயய்யோ, என்னடி இது, பாடி வார் ரெண்டு தோள்லயும் பள்ளமே போட்டிருக்கு. விரலே உள்ள போகுது.

— அது பழசு. கழுத்து வலியும் பழசு. இப்ப ராத்திரியானா சுண்டு விரல் மரத்துப்போகுது. போன மாசம் மீன் வயித்தக் கிழிக்கறப்ப என் விரலையே கிழிச்சுக்கிட்டேன். ரத்தம் வந்துச்சு, வலிக்கல.

— அடியே.

— கீழ மடிப்புல வேர்த்து வேர்த்துப் புண்ணு. பவுடர் போட்டேன், களிம்பு போட்டேன். புகையடுப்பு முன்னால நிக்கறவளுக்கு அது எப்படி ஆறும்?

— எடையக் குறைச்சா குறையும்னு பாஸ்டரம்மா சொன்னாங்களே.

— குறைச்சேன்க்கா. சோளக் களி உருண்டை ஒண்ணு தின்ன இடத்துல பாதி. பத்துக் கிலோ போச்சு. கன்னம் போச்சு, இடுப்பு போச்சு. இது மட்டும் அப்படியே நின்னுச்சு. அகல வார் பாடி போட்டேன், முதுகுக்குப் பயிற்சி செஞ்சேன். கடைசில நானே டாக்டர்கிட்டப் போய், குறைச்சு விடுங்கன்னு கேட்டேன்.

— பால் கொடுக்க முடியாம போயிடும்பாங்களே?

— கடைக்குட்டிக்கு ஒன்பது வயசு. இனி யாருக்குக் கொடுக்கப் போறேன்? டாக்டரும் அதத்தான் முதல்ல சொன்னார். உணர்ச்சியும் போகலாம்னார். போனாப் போகட்டும்னேன். இப்ப மட்டும் என்ன இருக்கு.

— ஏன் இப்படி ஆறிப்போன களி மாதிரி பேசுற? பயமா இருந்தா பயம்னு சொல்லு கண்ணு.

— பயமில்லக்கா. ஒண்ணுமே இல்ல. படம் எடுக்கணும்னு ஒரு மிஷினுக்குள்ள வச்சு அழுத்தினாங்க. அப்பவும் ஒண்ணும் தோணல.

— குறைக்கறதுக்கு எதுக்குப் படம்?

— வெட்டறதுக்கு முன்னால எல்லாருக்கும் எடுப்பாங்களாம்.

— நல்லதுதான். எவ்ளோ குறைப்பாராம்? துணி வெட்டறதுக்காவது தெரியணும்ல.

— இப்போதைக்கு ஒரு பக்கம்தானாம். இன்னொண்ண அப்புறம் பாத்துக்கலாம்னார்.

— ஒரு பக்கமா? இது என்ன கூத்து? அதுவரைக்கும் சாஞ்சுக்கிட்டே பாடுவியா நீ?

— பாடுவேன். ஓரத்துல நிறுத்திக்கோங்க.

— உனக்கு லொள்ளு மட்டும் குறையல. கையத் தூக்கு, டேப்பச் சுத்தறேன். இன்னும் கொஞ்சம். பழைய அளவே எழுதிக்கறேன், வந்தப்புறம் பிடிச்சுத் தைக்கலாம்.

— வலது பக்கத்துக்குப் பழைய அளவே சரியா இருக்கும்க்கா.

— ரெண்டுக்கும்தான்டி எழுதறேன். ஆடாம நில்லு. இடது பக்கம் என்ன இது, கெட்டியா கையில இடிக்குது? இன்னும் சாவிய அங்கயே வச்சுக்கிட்டு நிக்கிறியா? எடு அத. அளவு தப்பா வரும்.

— நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நெனச்சேன். சாவி அழுத்தி அழுத்திக் காச்சுப்போச்சுன்னு.

— என்னடி சொல்ற?

— சாவி உங்க ஊசி டப்பாவுல இருக்குக்கா.